பத்துப் பொட்டலம்

ஆன்லைன் வகுப்பைத் திட்டாத ஒரே பிள்ளை ரூபினிதான். நான் ஆய்வுக்கூட உதவியாளராக இருக்கும் கல்லூரியில் மருந்தாளர் டிப்ளோமா படித்தவள். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் கல்லூரியை மூடியபோது மற்றவர்கள் இணைய லைன் இல்லை, கண் வலிக்கிறது என்று ஆயிரம் நொட்டை சொன்னார்கள். வகுப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குறட்டை விட்ட மகாராசன்களும் உண்டு. ரூபினிக்கோ அது வரமாக இருந்தது. நாலு பேர் முன்னால் எழுந்து நின்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது கேமராவை அணைத்துவிட்டுப் பதிலைத் தட்டி அனுப்பினால் போதும்.

"இப்படியே படிச்சு முடிச்சிட்டா நல்லா இருக்கும்லா, தேவகி அக்கா" என்று எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள்.

வீடு கூலிம் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துக்கு அருகில். அப்பா முனியாண்டி தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருநீற்றுப் பொட்டலம் மடிப்பது சின்ன வயதிலிருந்தே ரூபினியின் வேலை.

தூள் மருந்தைப் பத்துப் பங்காக்கித் தாளில் மடிப்பதை வீட்டிலேயே செய்து வீடியோ அனுப்பச் சொன்னார்கள். தூளுக்கு எங்கே போவது? திருநீற்றை எடுத்துக்கொண்டாள். முதல் பொட்டலம் மடித்ததும் விரலில் ஒட்டியதை நெற்றியில் பூசிக்கொண்டு, அப்புறம்தான் மற்றதைத் தொடுவாள். திருநீற்றை யார் கீழே உதறுவார்கள்? வீடியோவில் மேசையும் கைகளும் மட்டுமே தெரிந்தன. ஒவ்வொரு தடவையும் முழு மதிப்பெண் வாங்கினாள்.

கல்லூரி திறந்ததும் நேரில் செய்முறைத் தேர்வு வைத்தார்கள். அதில் தவறினால் பருவம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். முகத்தைத் தொட்ட கையுறையோடு மருந்தைத் தொட்டால் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். ஒரு பூஜ்யம் விழுந்தால் தேர்வே போச்சு.

ரூபினி முதல் பொட்டலத்தை மடித்தாள். மூன்று விரல்கள் தாமாகவே நெற்றிக்குப் போய் வெள்ளையாகக் கோடு இழுத்தன. நான் பார்த்துவிட்டேன். விரிவுரையாளர் ஃபரா அந்தக் கோடியில் நின்றார், அவர் பார்க்கவில்லை. பத்தும் மடித்து, நோயாளியின் பெயர்ச் சீட்டு ஒட்டி, வரிசையாக வைத்த பிறகுதான் ரூபினி நிமிர்ந்தாள். நெற்றியைத் துடை என்று சாடை காட்டினேன். துடைத்தாள். கையுறையைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. திரும்பச் செய்ய நேரமில்லை. பேசாமல் இருடி என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

கை தூக்கிவிட்டாள், பாவி! அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றாள். பிறகு, நெற்றியைத் தொட்ட கையோடு மருந்தைத் தொட்டுவிட்டதாக மலாயில் சொன்னாள். ஃபரா பொட்டலங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பூஜ்யம் போட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"அடி கூறுகெட்டவளே! யாருடி ஒன்னைக் கேட்டா? அது சும்மா மாவுலா. எல்லாம் குப்பைக்குத்தான் போவுது. யாரு முழுங்கப் போறா?"

"தெரியும்கா." அழுதுகொண்டே சொன்னாள். "வீட்டுல செஞ்சப்பலாம் எனக்கும் அது சும்மா தூளுதான். வீடியோவுல சீட்டு ஒட்டச் சொல்லல. இன்னிக்குப் பத்துலயும் பேரு எழுதி ஒட்டுனேன். கொழந்தக்கா. கேள்வித்தாள்ல மூனு வயசுன்னு போட்டிருந்திச்சி."

அந்தக் குழந்தையும் தேர்வுக்காக யாரோ இட்டுக்கட்டியதுதான். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாசலில் முனியாண்டி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தபடி நின்றிருந்தார். நான் தூணோரமாக ஒதுங்கிக்கொண்டேன். அவளே போய்ச் சொன்னாள்.