வெள்ளிக்கிழமை மட்டும் ஸ்ராட் வந்த மெசின்

எங்கள் உழவு மெசின் கொஞ்சக் காலம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒழுங்காக ஸ்ராட் வந்தது. யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, விசர்தான் வந்தது.

இறுப்பிட்டியில் எங்கள் வீட்டில் மெசின் என் பொறுப்பு, சாமி அறை என் கணவருடைய பொறுப்பு. அவருக்கு முதுகடியில் நாரி நோவு. மெசினில் குலுங்கக் கூடாது, குனியக் கூடாது என்று டொக்டர் சொன்னபிறகு நான்தான் ஓட்டுகிறேன். முதலில் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பிறகு அதற்கும் அலுத்துப்போய்விட்டது.

எங்களுடையது ஜப்பானில் பாவித்துக் கழித்த சின்ன ட்ராக்டர் மெசின். சாவியைக் கொஞ்சம் திருப்பினால் என்ஜினுக்குள் இருக்கும் ஹீட்டர் பிளக்குகள் சூடாகும், முன்னால் ஒரு மஞ்சள் லைற் எரியும். லைற் அணைந்தபின்தான் ஸ்ராட் பண்ண வேண்டும். எவ்வளவு நேரம் சூடாக்குவது என்று தீர்மானிப்பது டைமர் என்ற ஒரு சின்னப் பெட்டி. இந்த வெயில் ஊரில் என்ஜினுக்கு இன்னும் என்ன சூடு வேண்டிக்கிடக்கிறது? அது எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை.

அந்த வருஷம் புரட்டாதியில் லைற் எரிந்த கையோடேயே அணையத் தொடங்கியது. என்ஜின் இருமும், வெள்ளைப் புகை கக்கும், படுத்துவிடும். நல்ல வெயில் ஏறினால் சில நாள் மனம் வைக்கும். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் முதல் திருப்பிலேயே பிடிக்கும். முதல் உழவை அந்த வெள்ளிகளில்தான் உழுது முடித்தோம்.

அவரிடம் காரணம் தயாராக இருந்தது. வெள்ளி காலையில் அவர் முழுகி, சிரட்டைத் தணல் போட்ட சாம்பிராணிச் சட்டியோடு வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில் எல்லாம் சுற்றி, கடைசியாக மெசினுக்கு முன்னால் வந்து நிற்பார். குனிய முடியாததால் சட்டியை மெசினின் மூக்கடியில் இருக்கும் இரும்புத் தட்டில் வைத்துவிட்டுக் கும்பிடுவார்.

"நயினாதீவு அம்மாள் பாத்துக்கொண்டிருக்கிறா" என்பார்.

"அப்ப மற்ற நாளில அவ பாக்கிறேல்லையோ?"

"உந்த வாயைக் கொஞ்சம் மூடும். ஸ்ராட் வருகுதெல்லே?"

வருகிறதே! அதுதான் எனக்கு எரிச்சல். செவ்வாய்க்கிழமை அதே சாவி, அதே டீசல், அதே நான். ஒரு அசுமாத்தமும் இல்லை. அவரோ என்னை ஒரு பார்வை பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது வெறும் கோபத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. எங்களிடம் ஒரேயொரு மூட்டை மொட்டைக்கறுப்பன் விதைநெல் இருந்தது. போன வருஷம் மழை முந்திவிட்டதால் விதைக்காமல் கிடந்த நெல். இன்னொரு வருஷம் வைத்தால் முளைக்காது. எங்கள் பக்கம் புழுதி விதைப்பு. காய்ந்த மண்ணில் விதையை எறிந்து, உடனே மேலால் மெசினை விட்டு மண்ணை மூடிவிட வேண்டும். மழை முந்தினால் வயல் களியாகும், மெசின் புதையும். அதற்குப் பிறகு அந்த மூட்டை கோழிக்குத்தான். அவர் ஒவ்வொரு நாளும் சாக்குக்குள் கையை விட்டு நெல்லைத் தடவிப் பார்ப்பார். விதைப்பில் முதல் பிடி அவர் கையால்தான் போகும். கைராசிக்காரர் என்று அயலட்டையும் தங்கள் விதைப்புக்கு அவரைத்தான் கூப்பிடும்.

ஊர்காவற்றுறையில் கராச் வைத்திருக்கும் தம்பி ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் பிளக்குகளைக் கழற்றி பட்டறியில் பிடித்துக் காட்டினார். எல்லாம் செக்கச்செவேல் என்று எரிந்தன.

"பிளக்கில ஒரு குறையும் இல்லை அக்கா. டைமர்தான் செத்துப்போச்சு. சாமான் எடுத்து பஸ்ஸில குடுத்துவிடுறன். பட்டறி வயரைக் கழட்டிப்போட்டு மாத்துங்கோ. உங்களுக்கு ஏலும்."

பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து சேர்ந்தது. நான் பழையதைக் கழற்றி, கை கழுவிவிட்டு வந்து புதியதைப் பூட்டினேன். மெல்லிய வயர்களுக்கு ஒரு செருகி, பிளக்குக்குப் போகும் தடித்த வயருக்கு ஒரு பித்தளை நாக்கு, அவ்வளவுதான். வாயில் டோர்ச்சைக் கவ்விக்கொண்டு, முதுகு வளைத்துச் செய்தேன். சாவியைத் திருப்பினால் லைற் எரிந்தது, ஆறுதலாக அணைந்தது. என்ஜின் உடனே பிடித்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. இனி எந்த நாளும் ஓடும்தானே என்று விதைப்பை அடுத்த நாளுக்கு வைத்தேன். அவர் சாம்பிராணிப் புகைக்குள் நின்று கும்பிட்டார்.

சனிக்கிழமை பிடிக்கவில்லை.

லைற் ஒழுங்காக எரிகிறது, ஒழுங்காக அணைகிறது, என்ஜின் மட்டும் செத்த பிணம். எனக்குத் தலை சுற்றியது. புதுப் பெட்டியும் வெள்ளிக்கிழமைக் கட்சியோ? ஞாயிறு, திங்கள், செவ்வாய், எல்லாம் அதே கதை. வானமும் மூடிவிட்டது. உதவிக்கு வெயிலும் இல்லை. கடவுளே, இது என்ன கோதாரி என்று வாய்விட்டுக் கத்தினேன்.

புதன் காலை தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கராச் தம்பிக்குப் போன் எடுத்தேன். "பெட்டியைக் கழட்டித் திருப்பிப் பூட்டிப் பாருங்கோ அக்கா, எங்கையோ கடிக்கேல்லை" என்றார். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். பித்தளை நாக்கு முழுக்க மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. அன்றைக்கு டோர்ச் வெளிச்சத்தில் பித்தளையின் மஞ்சள் என்றுதான் நினைத்தேன். நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தேன். சந்தனம்.

வீட்டுக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் அவர் சாமி அறையில் வைத்துப் பொட்டு வைப்பார். நான் கை கழுவப் போன நேரம் இதற்கும் வைத்திருக்கிறார். அதுவும் மினுங்குகிற இடமாகப் பார்த்து, தாராளமாக!

"உங்கட சந்தனம்தான் கறண்டை மறிச்சுக்கொண்டு கிடக்குது!" என்று முற்றத்தில் நின்று கத்தினேன். "மழை வருகுது. இந்த விதை போனால் அது உங்கட கையாலதான்!"

அவர் தன் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

நாக்கைச் சுரண்டித் துடைத்துப் பூட்டினேன். மெசின் புதன்கிழமையும் பாராமல் முதல் திருப்பிலேயே பிடித்தது. நான் விதைமூட்டையை இழுத்து வெளியே போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"நீரே எறியும். என்ர கை சரியில்லை."

நானே எறிந்திருக்கலாம். ஒரு பிடி அள்ளியும்விட்டேன். கை எழவில்லை. மெசின் நின்று இரைகிறது, வானம் இறங்குகிறது, அந்த மனுசன் கதிரையை விட்டு அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துக் கராச் தம்பி போன் எடுத்தார், ஸ்ராட் வந்ததோ என்று கேட்க.

"அது வந்திட்டுது. வெள்ளிக்கிழமையில மட்டும் ஏன் வந்தது? அதைச் சொல்லும் முதல்!" என்று தம்பி மேல் பாய்ந்தேன். சாம்பிராணிக் கதையையும் கொட்டினேன்.

"சட்டியை எங்க வைக்கிறவர்?"

"முன்னுக்கு, அந்த இரும்புத் தட்டில."

அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம். "அதுக்கு மேலதானே அக்கா காத்து இழுக்கிற வாய். தணல் சூடு நேரா உள்ளுக்குப் போயிருக்கும். டைமர் செய்யாத வேலையை அண்ணைதான் இவ்வளவு நாளும் செய்திருக்கிறார்."

போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

"இஞ்சாருங்கோ, முதல் உழவு முழுக்க வெள்ளிக்கிழமைகளிலதானே உழுதனாங்கள்? அது முழுக்க உங்கட சட்டியாலதான். அந்தச் சூடு போய்த்தான் மெசின் பிடிச்சிருக்குது. நீங்கள் இல்லாட்டி வயல் இன்னும் கட்டாந்தரை."

அவர் நிமிர்ந்தார். முகம் தெளியவில்லை.

"அப்ப அது அம்மாள் இல்லையோ? வெறும் சூடுதானோ?"

"எனக்கென்ன தெரியும்? நாரி நோகிறபடியால்தானே சட்டியை நிலத்தில வைக்காமல் தட்டில வைச்சனீங்கள்? உங்களுக்கு நாரி நோவை ஆர் தந்தது எண்டு அவவையே போய்க் கேளுங்கோ. இப்ப எழும்புங்கோ!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்து மெல்ல எழும்பினார். மூட்டையை மெசினில் ஏற்றிக்கொண்டு நான் போக, அவர் வயலுக்கு நடந்து வந்தார். அங்கே கிழக்கே பார்த்து நின்று சாக்குக்குள் கையை விட்டார், வழமைபோல ஒருமுறை தடவினார், முதல் பிடியை வீசினார். பிறகு நிற்காமல் வீசிக்கொண்டே போனார். நாரி நோவையும் மறந்துவிட்டார் போல. நான் பின்னால் மண்ணை மூடிக்கொண்டு போனேன்.

கடைசி வரம்பில் மெசினைத் திருப்பும்போது என் கையில் ஒரு துளி விழுந்தது. அவர் வெறும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஒரு பொட்டும் வைக்காமல் விடுறதோ?" என்று மெசினைக் காட்டிக் கேட்டார்.

"பெட்டி மூடியில வையுங்கோ" என்றேன். "பித்தளையில வேண்டாம்."