மொழிபெயர்ப்பாளர் வராமல் வாய் திறக்காதவன்

என் தம்பி நகுலேஸ்வரன் கனடாவில், மொன்றியலின் ரொக்ஸ்பரோ பகுதியில் இருக்கிறான். மொன்றியலில் ஏற்றும் சாமானை எல்லை தாண்டி அமெரிக்காவில் இறக்கும் ட்ரக் சாரதி. அவனைப்போல நிதானமான ஓட்டம் வேறு யாரிடமும் இல்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. அவனுடைய முதலாளி பேரின்பநாதனே கோயிலில் வைத்துச் சொன்னவர்.

இரண்டு வருடத்துக்கு முன், எல்லைக்கு அந்தப் பக்கத்து மாநிலம் ஒன்றில், பிள்ளைகளை இறக்க நின்றிருந்த பள்ளிக்கூட பஸ்ஸை நிற்காமல் கடந்ததாக அவன்மேல் வழக்கு. அங்கே அது குற்றம். பஸ் நின்றது எதிர்ப்பக்கத்தில். நடுவில் அகலமான புல்மேடு. அப்படியான சாலையில் எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு நிற்கத் தேவையில்லை. இதை விளக்கத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டான். ட்ரக் ஓட்டுபவருக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். பிறகு அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தம்பி கையைக் கட்டிக்கொண்டு "யெஸ் சேர்" என்றான். பெரியவர்கள் பேசும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காட்ட நாங்கள் ஓம் போடுவோமே, அதுதான். நீதிபதி அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துத் தீர்ப்பளித்தார்.

அந்த மாநிலத்தில் ஒரு நீதிபதியின் ஆறு வருடத் தவணை முடிந்தால், அவர் தொடர்வதற்குச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். அதற்கு முன் உறுப்பினர் குழு ஒன்று பொதுமக்களிடமும் கேட்கும். அந்த நீதிபதியின் முறை இந்தப் பங்குனியில் வந்தது. தம்பி பேசுவதற்குப் பெயர் கொடுத்தான்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் பேரின்பநாதன். "பேந்து எல்லையிலை உன்னை மறிச்சால் என்ரை சாமானெல்லாம் அழுகும். அங்கை போய்க் கதைச்சியெண்டால் அமெரிக்க ஓட்டம் உனக்கில்லை."

"அவர் அந்தக் கதிரையிலை இருக்கலாமோ எண்டு கேக்கினம் அண்ணை. எனக்கு நடந்ததை நான் சொல்லாமல் ஆர் சொல்லுறது?"

குழு கூடிய மண்டபத்துக்கு நானும் கூடப் போனேன். நீதிபதி முன்வரிசையில் மனைவியோடு இருந்தார். தம்பியைக் கூப்பிட்டதும் போய் அமர்ந்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், முன்கூட்டியே கேட்டிருந்தேன் என்று இங்கிலீஷில் சொன்னான். யாரையும் ஒழுங்கு செய்திருக்கவில்லை.

"நீங்கள் இப்போது பேசும் இங்கிலீஷே போதும்" என்றார் குழுத் தலைவி.

"அதையேதான் இவரும் சொன்னார்" என்று முன்வரிசையைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஒருவர் மணியைப் பார்த்தார். இன்னொருவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். தம்பி எழும்பவில்லை.

"தெரிஞ்ச மட்டும் சொல்லிப்போட்டு வாவனடா" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தேன்.

"இல்லை அக்கா. இண்டைக்குத் தமிழிலைதான்."

கடைசியில் எங்கெங்கோ அழைத்து, தொலைபேசியில் மொழிபெயர்க்க ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். "வணக்கம், சொல்லுங்கோ" என்ற குரல் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. தம்பி புல்மேட்டிலிருந்து தொடங்கி, அவசரப்படாமல் எல்லாவற்றையும் சொன்னான். ஏன் மறுத்தீர்கள் என்று ஓர் உறுப்பினர் நீதிபதியைக் கேட்டார். அது மிகச் சிறிய வழக்கு என்றார் அவர்.

"எனக்குச் சின்னனில்லை" என்றான் தம்பி. அவனை யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் அதையும் மொழிபெயர்த்தாள்.

குழுவில் ஏழு பேர் நீதிபதி தொடரலாம் என்றார்கள். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். நாங்கள் காருக்கு வருவதற்குள் பேரின்பநாதன் போன் எடுத்துவிட்டார்.

"அவரை நிப்பாட்டிப் போட்டினமோ?"

"இல்லை அண்ணை. நாலு பேர் வேண்டாமெண்டு கை தூக்கினவை."

"அப்ப எதுக்கடா போனனீ? இனி உன்ரை அமெரிக்க ஓட்டம் மற்ற ட்றைவர் றொசானுக்கு."

"குடுங்கோ அண்ணை. ஆறு வருஷத்தாலை திரும்பவும் அவரைப் பற்றிக் கேப்பினம். அப்பவும் வருவன், சொந்தக் காரிலை."