சாம்பிள் அக்கா செய்த கடைசிப் பெட்டி

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் சாம்பிள் அக்கா. இஸ்திரிப்பெட்டி செய்யும் இடம் அது. நீளக் கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வேலையாகப் பெட்டியைப் பூட்டுவார்கள். சாம்பிள் அக்காவுக்கு மட்டும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தனி மேசை, தனி விளக்கு. புது மாடல் வரும்போது பரிசோதனைக் கூடத்துக்குப் போகிற பெட்டிகளை அவள்தான் செய்வாள். கை அப்படி. அவள் வைத்த ஈயப்பற்று முத்து மாதிரி உட்காரும். அவள் அனுப்பிய எதுவும் தேறாமல் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பெட்டியின் பின்பக்கத்தில் நகத்தளவுக்கு ஒரு பாதுகாப்பு முத்திரை இருக்கும். அது இல்லாமல் கடையில் வைக்கக் கூடாது. அதை யாரோ அதிகாரி வந்து குத்திவிட்டுப் போவதில்லை, தயாரிப்பவரே போட்டுக்கொள்வதுதான். ஆனால் போடுவதற்கு முன்னால் அவர் பொருளைச் சோதிக்க வேண்டும், வரைபடத்தையும் சோதனை முடிவையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், இதற்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். தன் பெயரையும் முகவரியையும் பொருளின் மேலேயே போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனையில் தேறிய பெட்டி எப்படியோ, அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொன்றும் அப்படியே இருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்துப் பொறியாளர் அம்மா ஒருமுறை நேரில் வந்து எல்லோரையும் உட்கார வைத்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சாம்பிள் அக்காவின் தங்கை புதிதாக ஒரு இஸ்திரிப்பெட்டி வாங்கினாள். கடையில் பத்துப் பெட்டி இருந்தும் அக்கா வேலை செய்யும் தொழிற்சாலைப் பெட்டியைத்தான் எடுத்தாளாம். எங்க அக்கா கைபட்டது என்று பக்கத்து வீட்டிலெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறாள். ஒருநாள் காலையில் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு மகளின் பள்ளிச் சீருடையைத் தேய்க்கப் போனவளை மின்சாரம் தூக்கி அடித்தது. கட்டில் விளிம்பில் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. பிழைத்ததே பெரிது என்றார் மருத்துவர்.

கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்தவள் அக்காவைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஈரக் கையோட தொட்டது என் தப்புதாங்க்கா."

சாம்பிள் அக்கா மருத்துவமனையிலிருந்து கிளம்பினாள். நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், பெட்டியைச் சமையலறைத் தரையில் வைத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். மூடியைத் தூக்கியதும் கருகிய பிளாஸ்டிக் நாற்றம் குப்பென்று வந்தது. சூடு தாங்குகிற உறை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மலிவான குழாயைச் செருகியிருந்தார்கள். அது உருகி, மூக்குச்சளி மாதிரி ஒழுகிக் காய்ந்துபோயிருந்தது. உள்ளே இருந்த வயர் அம்மணமாகித் தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. அப்படி ஆனாலும் ஆளைக் காப்பாற்றுவதற்கென்று இருக்கிற எர்த் வயர் எங்கே என்று தேடினாள். கட்டைவிரல் நீளத்துக்கு நறுக்கி, எதோடும் சேர்க்காமல், ஒட்டு நாடாவில் சுருட்டி மூலையில் திணித்திருந்தார்கள். பெட்டியைத் திருப்பினாள். முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது.

பெட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். சாக்கடைக்குள் கையை விட்டவள் மாதிரி சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள் எட்டிப் பார்த்திருப்பாளா? அந்த நினைப்பில் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் போனாள். அவர் மதியச் சாப்பாட்டை முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார். மேலாளரும் கூட இருந்தார். முதலாளி தங்கையைப் பற்றி அன்பாக விசாரித்தார், மருத்துவச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். அவள் எர்த் வயர் பேச்சை எடுத்தாள்.

"ஏம்மா, நீ செஞ்ச சாம்பிள் பாஸ் ஆச்சா இல்லையா?" என்றார் முதலாளி.

"நான் செஞ்சது வேற, நாம விக்கிறது வேற சார்."

"ஃபோட்டோவுக்கு நிக்கும்போது எல்லாரும் பவுடர் போட்டுக்கிட்டுதான் நிக்கிறாங்க. வீட்டுல அப்படியேவா இருக்காங்க?"

மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். பல்லிடுக்கிலிருந்து எடுத்ததை முதலாளி விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சுண்டிவிட்டார். அதே மூச்சில், அடுத்த மாடலுக்கு இந்த வாரமே சாம்பிள் போகணும் என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று தன் மேசையில் இருந்த நல்ல சாமான்களை அவள் தொடவில்லை. கூடத்துக்குள் போய், பெண்களுக்கு முன்னால் இருந்த கூடைகளிலிருந்தே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். அதே மெல்லிய வயர், அதே மலிவுக் குழாய். எர்த் வயரை எடுத்துக் கட்டைவிரல் நீளத்துக்கு அளந்தாள். நறுக்கி, நாடாவில் சுருட்டி, மூலையில் திணித்தாள். வேண்டுமென்று எதையும் கெடுக்கவில்லை, கூடத்தில் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்தாள். கட்டி அனுப்பிவிட்டு, குழாயடிக்குப் போய் மறுபடி சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.

பரிசோதனைக் கூடத்தில் முதல் சோதனையைக்கூட அது தாண்டவில்லை. பொறியாளர் அம்மா அதோடு விடவில்லை. கடைகளிலிருந்து அதே தொழிற்சாலையின் பழைய மாடல் பெட்டிகளை வாங்கித் திறந்து பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் அதே நறுக்கிய வயர். முத்திரை போடக் கூடாது, விற்றதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

முதலாளி அவளைக் கூடத்தின் நடுவில் நிற்க வைத்துக் கத்தினார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் என்றார். "விக்கிறதைத்தானே சார் அனுப்பினேன்" என்றாள் அவள். வரிசையில் இருந்த பெண்களில் ஒருத்தியும் தலை நிமிரவில்லை. அன்றைக்கே வேலை போனது.

திரும்ப வாங்கும் அறிவிப்பு, செய்தித்தாளின் ஒரு மூலையில் எறும்பு எழுத்தில் வந்தது. அதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சாம்பிள் அக்காவுக்கு ஒரு மோட்டார் பழுது பார்க்கும் கடையில் வேலை கிடைத்தது. தங்கையின் கை இன்னும் தோளுக்கு மேலே எழும்புவதில்லை. தலை பின்ன மகள்தான் உதவுகிறாள்.

சில மாதம் கழித்து, சாம்பிள் அக்கா பல்பு வாங்க ஒரு கடைக்குப் போனாள். புதுக் குடித்தனக்காரர்கள் போலிருந்த கணவனும் மனைவியும் இஸ்திரிப்பெட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறம் புதுசு, பெயர் புதுசு. உடம்பும் திருகாணியும் அவளுடைய பழைய தொழிற்சாலையில் பார்த்த அதே பழசு. கடைக்காரர் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, முத்திரை இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் என்றார்.

"அதை வாங்காதீங்க," என்றாள் சாம்பிள் அக்கா. "ஷாக் அடிக்கும். நம்பிக்கை இல்லேன்னா திறந்து காட்டச் சொல்லுங்க."

கடைக்காரர் முகம் கறுத்தது. வியாபாரத்தில் மண்ணள்ளிப் போட வந்தாயா என்று சீறினார். மனைவி சட்டென்று பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கணவன் சாம்பிள் அக்காவைப் பார்த்தான், கடைக்காரரைப் பார்த்தான், பிறகு பெட்டியை மறுபடி கையில் எடுத்தான்.

"அப்போ கொஞ்சம் குறைச்சுக் குடுப்பீங்களா?" என்றான்.

சாம்பிள் அக்கா பல்பு வாங்காமலே வெளியே வந்தாள். தெருவோரம் ஒதுங்கி, தொண்டையில் நின்ற கசப்பைக் காறித் துப்பினாள்.