மங்களூருவில் அண்ணன் வாசித்த தாள்

எங்கள் குடும்பத்தில் நிச்சயதார்த்தத்தன்று ஒரு தாள் வாசிப்பது வழக்கம். பெண்ணின் பெயர், பெற்றோர், பிறந்த ஊர், இருக்கும் ஊர், பிறகு மாப்பிள்ளைக்கும் அதேபோல, முடிவில் இரு வீட்டாருக்கும் சம்மதம் என்று ஒரு வரி. வீட்டுக்கு மூத்தவர் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவோம். தாளை எழுதுவது முப்பது ஆண்டுகளாக என் வேலை. வாசிப்பது என் அண்ணனின் உரிமை.

என் மகனுக்கு மங்களூரில் பெண் அமைந்தபோது இதில் ஒரு சிக்கல் வந்தது. பெண் வீட்டார் எங்களைப் போலவே கத்தோலிக்கர்கள். ஆனால் வீட்டில் பேசுவது கொங்கணி, வெளியில் கன்னடம். தமிழ் ஒருவருக்கும் தெரியாது. பெண்ணின் அப்பா கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அதனால் தாளை ஆங்கிலத்தில் எழுதினேன். அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தக்காளி பயிரிட்டு, கன்னட வியாபாரிகளுக்கு விற்கிறார்.

“நீங்க கன்னடத்துலயே வாசிச்சிடுங்கண்ணா” என்றேன்.

“என் கன்னடம் தக்காளிக்கு வெல பேசற கன்னடம்டா. அதுல பொண்ணு கேட்டா, கூடை என்ன வெலைன்னு கேட்ட மாதிரி இருக்கும்.”

“அப்ப நான் வாசிக்கறங்க.”

“நான் போனதுக்கப்புறம் வாசி.”

அவரே வாசிப்பதென்று முடிவானது. ஆங்கிலம் கற்பித்தவர் முன்னால் அண்ணன் தடுமாறினால், அவருக்கு அது தாங்காது. யாரும் சிரிக்காவிட்டாலும் தாங்காது. அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் முன்னால் போய் நிற்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

தாளின் ஆங்கில வரிகளை இன்னொரு தாளில் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். சொட்டு நீர்க் குழாயைச் சரி பார்க்கும்போதும், வரப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் சொல்லிப் பார்த்தார். அண்ணிக்கு அது நல்ல பொழுதுபோக்கு. “எட்டாவதுல ஒழுங்கா படிச்சிருந்தா, பேரன் எடுத்தப்புறம் பரிட்சை எழுத வேண்டியிருக்குமா?” என்பார். “பெயிலானா உன்னைத்தான் வாசிக்க வுடுவேன், பாத்துக்க” என்பார் அண்ணன்.

ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏன்டா, இதுல ரெண்டு ஊரு இருக்குது? பொண்ணு ஒரு ஊர்ல பொறந்து வேற ஊருக்குக் குடி போயிருச்சா?”

இரண்டும் ஒரே ஊர்தான். தமிழில் நமக்கு அது என்றும் மங்களூர். ஆங்கிலத்தில் ‘மேங்கலோர்’ என்று இருந்தது, 2014 நவம்பர் முதல் தேதியிலிருந்து ‘மங்களூரு’ ஆயிற்று. நான் எதை எழுதினாலும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஒரு நிகழ்ச்சிக்கு, அது நடந்த நாளில் அந்த ஊருக்கு இருந்த பெயரே உரியது. 1996-க்கு முந்தைய செய்தியை ஆங்கிலத்தில் எழுதினால் மெட்ராஸ், பிந்தையதற்குச் சென்னை. பெண் பிறந்தது பெயர் மாறுவதற்கு முன். ஆகவே பிறந்த ஊர் என்ற இடத்தில் மேங்கலோர், இருக்கும் ஊர் என்ற இடத்தில் மங்களூரு. இதை விளக்கினேன்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். “அவங்க வூட்ல என்னான்னு சொல்றாங்க?”

“மங்களூருன்னுதாங்க சொல்றாங்க.”

“ம்” என்று சொல்லிவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

தவக்காலம் தொடங்கும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டுக் கூடத்தில் எழுபது பேர் இருந்திருப்பார்கள். அண்ணன் சலவை வேட்டியோடு, தமிழ் எழுத்தில் இருந்த தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பெண்ணின் பெயரும் பெற்றோர் பெயரும் தெளிவாக வந்தன. பிறந்த ஊருக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

தடுமாறிவிட்டார் என்று நினைத்தேன். எடுத்துக் கொடுக்க நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். என் பக்கம் திரும்பாமலே, உட்கார் என்று கையைக் கீழே அசைத்தார். பிறகு கூடத்தை ஒருமுறை பார்த்து, ‘மங்களூரு’ என்றார். அந்த ஊர்க்காரர்கள் சொல்வதுபோலக் கடைசி எழுத்தை மெல்ல இறக்கிச் சொன்னார். அடுத்த வரியில், இருக்கும் ஊருக்கும் அதே ‘மங்களூரு’. என் மேங்கலோரை வாசிக்கவே இல்லை. முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் ஆமோதித்து அசைந்தன. எங்கள் ஊர் வந்தபோது மாரண்டஹள்ளி என்று சந்தையில் கூவுவதுபோலச் சொன்னார். கூடம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கடைசி வரி வரை போனார். ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை.

தட்டு மாற்றியதும் பெண்ணின் அப்பா என்னிடமிருந்த ஆங்கிலத் தாளைக் கேட்டு வாங்கினார். அவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார். படித்துப் பார்த்தவர், ஒரு இடத்தில் விரலை வைத்து, இங்கே வேறு மாதிரி இருக்கிறதே என்று அண்ணனிடம் கன்னடத்தில் கேட்டார்.

அண்ணன் தம் சந்தைக் கன்னடத்தை எடுத்தார். “எழுதனது என் தம்பி, சார். அவன் வருஷம் பாத்துத்தான் பேரு போடுவான். அது தப்பில்ல. ஆனா நான் இன்னைக்குப் பொண்ணு கேட்டு வந்துருக்கறது, நீங்க என்ன பேர் சொல்றீங்களோ அந்த ஊருக்கு” என்பது அவர் சொன்னதன் பொருள். வழக்கமாகக் கூடை, விலை, வண்டி என்றே போகும் அந்தக் கன்னடம் அன்று போதுமானதாகவே இருந்தது.

பெண்ணின் அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “உங்கள் தாளும் சரிதான்” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு அண்ணனின் கையைப் பிடித்துச் சாப்பாட்டுப் பந்திக்கு அழைத்துப் போய்த் தமக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அண்ணன் சத்தமாகப் பேசுவது கூடம் முழுக்கக் கேட்டது.

பந்தியில் எனக்கு எதிரே இருந்த பெரியவர், நான் மாப்பிள்ளைக்கு என்ன உறவு என்று விசாரித்தார். மாப்பிள்ளையின் அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும்.

“நின்று வாசித்தாரே, அவருடைய தம்பி” என்றேன்.