மாதேஸ்வரி நிறுத்திய மாத்திரை

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் மாதேஸ்வரிக்குச் சோதித்துப் பார்க்கிற வேலை. துளையில் அளவு பார்க்கும் கேஜ் இறங்கினால் பாகம் சரி. இறங்காவிட்டால் சிவப்புப் பெட்டிக்குப் போகும். சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரியில்லாத ஒன்றைச் சரி என்று அவள் விட்டதில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே வேலையில் வைத்திருந்தார்கள். அதற்காகவே திட்டவும் செய்தார்கள்.

கணவன் லாரி ஓட்டப் போன இடத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். ஜூஜுவாடியில் ஒற்றை அறையில் அவளும் மகள் பிரவீனாவும் மட்டும். பிரவீனாவுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைக் காலையும் இரவும் மாதேஸ்வரியே எடுத்துக் கொடுத்து, மகள் விழுங்குகிற வரை பக்கத்திலேயே நிற்பாள். கடைசியாக வலிப்பு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிரவீனா படிப்பை முடித்து, செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். நோயைப் பற்றி அங்கே மூச்சுவிடவில்லை. தெரிந்தால் வேலைக்கு எடுக்கமாட்டார்கள்.

லாரிப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு ஜெபவீடு. கணவன் விட்டுப் போன வருடத்திலிருந்து மாதேஸ்வரிக்கு அதுதான் ஆறுதல். அங்கே மாதக் கடைசி ஞாயிறு, கர்த்தர் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் எழுந்து சாட்சி சொல்லும் நாள். ஒருமுறை அவளும் எழுந்தாள்.

“எம் பொண்ணுக்கு வலிப்பு நின்னுடுச்சுங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

பாஸ்டர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “மாத்திரை கீத்திரை எதுனா?”

கொட்டகை மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது.

“இல்லீங்க.”

“மாத்திரை இல்ல! மருந்து இல்ல!” கைதட்டலில் தகரம் அதிர்ந்தது. கன்னடத்தில் மொழிபெயர்த்தவர் இன்னும் உரக்கக் கத்தினார்.

மறுநாள் கம்பெனியில், பக்கத்து மேசை கெம்பம்மாவிடம் சொன்னாள். அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கெம்பம்மாவுக்கு எந்தச் சாமியோடும் சண்டையில்லை.

“பொய் சொல்லிட்டன் கெம்பக்கா. கர்த்தர் சந்நிதியில நின்னு.”

“ஒரு வார்த்த தப்பா வந்துடுச்சு. உங்க சாமி என்ன சூப்பர்வைசரா, மெமோ குடுக்க? வேலயப் பாரு.”

மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும். இல்லையென்றால் அதை உண்மையாக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் மறுபடி எழுந்து நிற்க அவளால் ஆகவில்லை. மாத்திரைப் பெட்டியை அள்ளிக் குப்பை வண்டியில் போட்டாள்.

“அம்மா, எங்கம்மா மாத்திர?”

“இனிமே வேணாம் கண்ணு. கர்த்தர் பாத்துக்குவார்.”

“இவ்ளோ நாளும் அவரு பாக்கலயா?”

“வாய மூடுடி.”

பிரவீனா மூடிக்கொண்டாள். மாத்திரை போட்டால் கம்பெனி லைனில் கண் சொருகும், லைன் லீடர் எல்லோர் முன்னாலும், “என்னம்மா, தாலாட்டு பாடணுமா?” என்பான். நிறுத்திப் பார்க்கலாமே என்ற ஆசை அவளுக்கும் இருந்தது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு காலை, கம்பெனி வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியிலேயே வலிப்பு வந்து, முகம் தரையில் மோத விழுந்தாள். முன்பற்கள் போயின. நெற்றியில் தையல். உயிர் தப்பியது. நோயை மறைத்ததாகச் சொல்லிக் கம்பெனி அவளை நிறுத்திவிட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. “யார் நிறுத்தச் சொன்னா?” என்று மட்டும் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பழைய மாத்திரையையே எழுதினார்.

பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். “சிஸ்டர், அந்த அடிக்கு உயிரோட இருக்கறதே அற்புதம். இந்த ஞாயித்துக்கிழம சாட்சி சொல்லணும்.”

பிரவீனா வீங்கிய உதட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அந்த ஞாயிறு ஜெபவீட்டில் மாதேஸ்வரி எழுந்து மைக்கில் சொன்னாள்.

“நான் போன தடவ சொன்னது பொய்யிங்க. எம் பொண்ணு மாத்திர போட்டுக்கிட்டுத்தான் இருந்தா. காலையில முழுங்குவா, வேலைக்குப் போவா, சாயந்திரம் முழுசா வீடு வருவா. அந்த மாத்திரய ஒருத்தர் கண்டுபிடிச்சாங்க, ஒருத்தர் சும்மாவே குடுத்தாங்க. அதுல கர்த்தர் இருந்தாரு. எனக்குத்தான் அது பத்தல. கைதட்டுற மாதிரி ஒண்ணு வேணும்னு…”

பாஸ்டர் கையைக் காட்டினார். கீபோர்டு தொடங்கியது, எல்லோரும் பாட்டுக்கு எழுந்தார்கள். மாதேஸ்வரி மைக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. ஜெபம் முடிந்து டீ வேளையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

பிரவீனா இப்போது பேரிகை ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டு போடுகிறாள். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிறாள். மாத்திரை அவள் பையில், ஜிப்புக்குள்.

“போட்டுக்கிட்டியா?”

“உனக்கு எதுக்கு?”

அதற்குமேல் மாதேஸ்வரி கேட்பதில்லை. சாயந்திரம் தோட்டத்து வேன் நிற்கிற சத்தம் கேட்டால் கதவருகே வந்து எட்டிப் பார்ப்பாள். மகள் தன் காலாலேயே சந்தில் நடந்து வருவாள். கேஜைத் துளையில் இறக்கிப் பார்ப்பதுபோல, மாதேஸ்வரி அவளுடைய நெற்றி, கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பிறகு அந்த ஒற்றை அறையின் நடுவில் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொல்வாள். பிரவீனா செருப்பைக் கழற்றிவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு அடுப்புப் பக்கம் போவாள்.