தெரிந்தே எழுதிய கடிதங்கள்

நான் ஒரு கைக்கடிகாரம் திருடினேன். ஹூஸ்டனில், ஒரு பெரிய கடையில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பசியும் இல்லை, வறுமையும் இல்லை. கணவருக்கு நல்ல வேலை, எனக்கு கிரீன் கார்டு, வயிற்றில் நாலு மாதப் பிள்ளை. கண்ணாடி மேசைமேல் கிடந்தது. விற்கிற பெண் அந்தப் பக்கம் திரும்பினாள். கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வாசலில் பிடித்தார்கள். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஆசைப்பட்டேன், எடுத்தேன்.

என் கணவர் திருநெல்வேலிப் பக்கத்துப் போதகர் வீட்டுப் பிள்ளை. திருட்டைவிட அவருக்குப் பெரிய பயம், தமிழ் ஜெபக்கூட்டத்துக்குத் தெரிந்துவிடுமோ என்பது. வக்கீல் வைத்தால் பேச்சு வெளியே போகும் என்றார்.

"ஒத்துக்கோ. கையெழுத்துப் போடு. இன்னைக்கே முடிஞ்சிரும்."

ஒத்துக்கொண்டேன். கடிகாரத்தின் விலை அதிகம் என்பதால் ஒரு வருடச் சிறை. ஆனால் உள்ளே போக வேண்டாம், ஒழுங்காக இருந்தால் போதும் என்றார் நீதிபதி. அரை மணி நேரத்தில் வெளியே வந்தோம். கெட்டிக்காரத்தனமாக முடித்துவிட்டதாக நினைத்தோம். மடையர்கள்.

சில வருடம் கழித்துப் புதுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத ஒருவர் திருட்டுக்கு ஒரு வருடத் தண்டனை வாங்கியிருந்தால், சிறைக்குள் போனாலும் போகாவிட்டாலும், பெரிய குற்றவாளி. நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும். எங்களுக்கு இது எதுவும் தெரியாது. நான் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்தேன். எப்போதாவது கைதானதுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. உண்டு என்று எழுதினேன். பொய் சொல்லவில்லை என்று பெருமைகூடப் பட்டேன். பதிலாக வந்தது நாடு கடத்தும் வழக்குக்கான கடிதம்.

கைக்குட்டை திருடியவனையெல்லாம் வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அப்பால் தள்ளினான் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். என்ன ஜனங்களடா என்று நினைத்தேன். எனக்குக் கப்பலுக்குப் பதில் விமானம், அதுதான் வித்தியாசம். மகளுக்கு அப்போது ஆறு வயது. இங்கே பிறந்தவள். நான் போனால் அவளைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இந்த முறை வக்கீலிடம் போனோம். அமெரிக்கப் பெண்மணி, எங்கள் அம்மா வயது இருக்கும். விளைவு தெரியாமல், வக்கீலும் இல்லாமல் ஒத்துக்கொண்டதால் பழைய வழக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். தண்டனை ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு நாள் குறைந்தாலும் நான் இங்கேயே இருக்கலாமாம். ஆனால் அரசு வக்கீல் எதிர்க்கக் கூடாது. அதற்கு என்னைத் தெரிந்தவர்களின் கடிதங்கள் வேண்டும்.

ஒரே வாரத்தில் கணவர் பன்னிரண்டு கடிதம் வாங்கி வந்தார். எல்லாம் ஜெபக்கூட்டத்துக் குடும்பங்கள். 'சிட்டிசன்ஷிப்புக்கு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வக்கீல் இரண்டைப் படித்துவிட்டுக் கடிதக் கட்டை எங்கள் பக்கம் தள்ளினார்.

"இவர்களுக்கு நீங்கள் செய்தது தெரியுமா?"

"தெரியாது" என்றார் கணவர்.

"அப்படியானால் இது குப்பை. திருடியது தெரியும், தெரிந்தும் எழுதுகிறேன் என்று இருக்க வேண்டும்."

காரில் சண்டை.

"அவங்க மூஞ்சில எப்படி முழிக்க?" என்றார்.

"இங்க இருந்தாத்தான முழிக்கணும்? அனுப்பிட்டா அந்தக் கஷ்டமே இல்ல."

ஜெபக்கூட்டம் மாதம் ஒரு சனிக்கிழமை, யாராவது ஒருவர் வீட்டில். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் ஜெபக் குறிப்பு சொல்வோம். விசா, வேலை, குழந்தை வரம். பாதிப் பேர் "சொல்ல முடியாத ஒரு காரியத்துக்காக" என்பார்கள். அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை. நானும் பல மாதமாக அதைத்தான் சொல்லிவந்தேன். அன்று என் முறை வந்தபோது எழுந்து நின்றேன்.

"கடையில ஒரு வாட்ச் திருடினேன். பிடிச்சுட்டாங்க. இப்போ நாட்டவிட்டு அனுப்பப் போறாங்க. நீங்க குடுத்த கடிதம் செல்லாது. நான் திருடினது தெரியும்னு போட்டு எழுதித் தரணும்."

கணவர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். எங்களில் மூத்த ஆன்ட்டிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன வாட்ச்சு?"

கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"அதையா? ஒரே வருஷத்துல கருத்துப் போயிருமே!"

யாரோ சிரித்துவிட்டார்கள். கூட்டம் நடத்தும் அங்கிள், ஆன்ட்டியின் கணவர், தொண்டையைக் கனைத்தார். "நாம எல்லாரும் இதுக்காக ஜெபிப்போம்."

"ஜெபிங்க அங்கிள். எழுதவும் செய்யுங்க."

"எழுதுவாரு. இல்லன்னா இன்னைக்குச் சோறு கிடையாது" என்றார் ஆன்ட்டி. பிறகு என்னைப் பார்த்து, "ஏ புள்ள, இத்தன வருஷம் என்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"உங்ககிட்ட சொன்னா டல்லாஸ் வரைக்கும் தெரிஞ்சிரும் ஆன்ட்டி."

"அதுவும் சரிதான்" என்றார், கோபமே இல்லாமல்.

பன்னிரண்டில் ஏழு பேர் எழுதினார்கள். ஐந்து பேர் எழுதவில்லை. அதில் ஒருத்தி ஹில்கிராஃப்ட் தெரு இந்திய மளிகைக் கடையில் என்னைப் பார்த்ததும் பருப்பு வரிசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் நான் சமைத்துப் போட்டவள். அதை இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

கோர்ட்டில் புது நீதிபதி. ஏழு கடிதங்களையும் பொறுமையாகப் படித்தார். கையால் எழுதிய ஒன்றில் நின்று, சத்தமாக வாசித்தார். 'இவள் வாட்ச் திருடியது எனக்குத் தெரியும். என் வீட்டுச் சாவி இவளிடம் இருக்கிறது. பூட்டை மாற்றப் போவதில்லை.'

"இதை எழுதியது யார்?"

பின் வரிசையில் பட்டுச் சேலையோடு ஆன்ட்டி கையைத் தூக்கினார். அரசு வக்கீல் ஆட்சேபணை இல்லை என்றார். தண்டனை ஆறு மாதமாகக் குறைந்தது. நாடு கடத்தும் வழக்கும் இனி நிற்காது என்று என் வக்கீல் தோளைத் தட்டினார். நான் அதே திருடிதான். காலையில் இந்த நாட்டுக்கு ஆகாதவள், மதியம் ஆனவள். இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பார்க்கிங்கில் கணவர் ஆன்ட்டி முன்னால் நின்று, முகத்தை மறைக்காமல் அழுதார்.

சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் தடுக்கவில்லை.

"டிட் யூ கிவ் இட் பேக்?" என்றாள்.

"அங்கேயே வாங்கிட்டாங்க."

"டிட் யூ சே ஸாரி?"

யோசித்தேன். போலீஸ், கோர்ட், வக்கீல், ஒருவரும் இதைக் கேட்டதில்லை. "இல்லடி."

"யூ ஷுட்" என்றாள். பிறகு பையிலிருந்து பள்ளிக்கூடத் தாளை எடுத்து நீட்டினாள். அடுத்த மாதம் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறார்களாம், கூட வரக்கூடிய பெற்றோர் பெயர் எழுத வேண்டுமாம். பேனா வாங்கி என் பெயரை எழுதினேன்.