தொண்ணூற்றாறு சதவீதம்

மனிதர் எழுதுவதைக் கணினிக்குப் புரியவைக்கும் முதுகலைப் படிப்பில் நாற்பது வயதுக்கு மேல் சேர்ந்தவளை வகுப்பே 'அக்கா' என்றது. பேராசிரியரும் ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு அசடு வழிந்தார்.

குடிநீர் அலுவலகத்துக்குச் செல்பேசியில் குறுஞ்செய்தியாக வரும் புகார்களைப் படித்து, அவசரமா இல்லையா என்று பிரிப்பது அக்காவின் வேலை. பக்கத்து நாற்காலிக்காரிக்கு ஓயாத வாய். அதனால் பெயர் 'ரேடியோ'. அக்கா கல்லூரிக்குப் போகும் நாளெல்லாம் அவள் பங்கையும் ரேடியோதான் இழுத்துப்போட்டுச் செய்தாள்.

"நீ கிளம்புடி, நான் பாத்துக்கறேன். பெரிய ஆளானதும் என்னைத் தெரியாதுன்னு சொல்லிடாதே."

ஆய்வுக்கும் அதே புகார்கள்தான். ஒரு பங்கைக் காட்டி, தானாகவே பிரிக்கும்படி கணினியைப் பழக்கினாள் அக்கா; காட்டாமல் வைத்த மறுபங்கில் தேர்வு வைத்தாள். தொண்ணூற்றாறு சதவீதம் சரி! தலைகால் புரியாமல் மேலதிகாரியிடம் போய்க் காட்டினாள். அந்த மகானுபாவரும் மறுவாரமே அதை அலுவலகத்தில் ஓடவிட்டார்.

கோளாறு அதன்பிறகுதான் கண்ணில் பட்டது. தண்ணீர் வராதவர் ஒரு தடவையோடு விடுவாரா? ஒரே புகாரை ஐந்தாறு முறை அனுப்புவார். அந்த நகல்கள் இரண்டு பங்கிலும் விழுந்திருந்தன. கணினி எதையும் புரிந்துகொள்ளவில்லை; முன்பே பார்த்த வினாத்தாளுக்கு விடை எழுதியிருக்கிறது. நகல்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். ஐம்பத்தெட்டு. வருடக்கணக்காக அந்தப் புகார்களைப் படித்தவளுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டாமா?

விஷயத்தைக் கேட்ட பேராசிரியர் மனம் குளிர்ந்துபோனார். "அருமைம்மா! இதையே ஆய்வேட்டுல தனி அத்தியாயமா எழுதிடுங்க."

அக்கா மேலதிகாரியிடம் ஓடினாள்.

"சார், அந்த மார்க் தப்பு. தயவுசெஞ்சு நிறுத்திடுங்க."

"இப்ப வந்து சொன்னா எப்படிம்மா? பிரிக்கிற ஆளுங்க இனி வேணாம்னு ஆர்டர் போட்டாச்சு. மேலே என்னன்னு சொல்வேன்? போகப் போக சரியாயிடும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க படிச்சவங்க."

வெளியே ரேடியோ தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சியை ஏன்டி இப்படி வச்சிருக்கே? தொண்ணூத்தாறாமே! நான்கூட அவ்வளவு சரியா பிரிச்சதில்ல. வயித்தெரிச்சல் எல்லாம் இல்லடி, பெருமையாதான் இருக்கு."

அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நகல்கள், ஐம்பத்தெட்டு, மேலதிகாரி சொன்ன பதில்.

ரேடியோ கையை விட்டாள்.

"அப்ப என்னை எதுக்குடி அனுப்பறாங்க?"